ருக்மாபாய் வழக்கும் பண்பாட்டு வாதமும்: குழந்தை மணம் குறித்து ஒரு திறனாய்வு

கிறிஸ்துவும் பண்பாடும் என்னும் பொருள் நம் இறையியல் கல்லூரிகளில் பேசப்படாத ஆண்டு இல்லை. எச். ரிச்சர்ட் நீபர் 1951இல் வெளியிட்ட நூலில் வகுத்த ஐந்து நிலைகளை முதலாண்டு மாணவரும் தடையின்றி ஒப்பிப்பார். ஆயினும் அப்பொருள் ஏட்டிலிருந்து இறங்கிக் குருமனைத் திண்ணையில் வந்து அமரும்போது, அவ்வைந்தில் எது கைகொடுக்கும் என்று கூறுவது எளிதன்று.

வார இறுதிப் பணிக்காகக் கிராமச் சபை ஒன்றிற்குச் சென்று திரும்பிய மாணவர் ஒருவர் வகுப்பில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். பதினோராம் வகுப்பில் படிக்கும் பெண்ணை முறைப்பையனுக்குப் பேசி முடித்து, ஓலை வாசிக்க வேண்டுமென்று குடும்பத்தார் போதகரிடம் வந்திருக்கின்றனர். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில் பெண்ணின் வயது 16 என்று தெரிந்தது. போதகர் மறுத்துவிட்டார். மாணவர் இதனைப் பாராட்டிச் சொல்லவில்லை, ஐயத்தோடு சொன்னார். பதினெட்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது? மேனாட்டார் வகுத்த தனிமனித உரிமைக் கோட்பாட்டிலிருந்து அல்லவா? பறையையும் கும்மியையும் வழிபாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமென்று நமக்குக் கற்பிக்கிறீர்கள். அதே மக்களின் திருமண வழக்கம் என்று வரும்போது மட்டும் நாம் ஏன் பழைய மிஷனெரிகளின் நாற்காலியில் ஏறி அமர்கிறோம்? ஒரு பண்பாட்டை மற்றொரு பண்பாட்டின் அளவுகோலால் அளக்க நமக்கு உரிமை ஏது? இவை அவருடைய கேள்விகள்.

இக்கேள்விகளை நாம் எளிதாக ஒதுக்கிவிட இயலாது. இவற்றின் பின்னே ஒரு நேர்மையான வருத்தம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரி அறிக்கைகளில் நம் நாட்டுப் பெண் பெரும்பாலும் ஒரு காட்சிப் பொருள். அவளுடைய துயரம் இலண்டனிலும் பாஸ்டனிலும் காணிக்கைப் பையை நிரப்பப் பயன்பட்டது. காதரின் மேயோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1927இல் வெளியிட்ட ‘மதர் இந்தியா’ அம்மரபின் உச்சம். குழந்தை மணத்தின் கொடுமைகளை அடுக்கி, இம்மக்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்னும் முடிவுக்கு அந்நூல் வாசகரை அழைத்துச் சென்றது. காந்தியடிகள் அதனைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கைக்கு ஒப்பிட்டது யாவரும் அறிந்ததே. அந்த அவமானத்தின் நினைவு நம்மிடம் இன்னும் ஆறவில்லை. பண்பாட்டுச் சார்பு வாதம் அப்புண்ணுக்கு மருந்தாக வந்தது. ஃபிரான்ஸ் போவாஸும் அவர் மாணவர்களும் இனவெறிக்கு எதிராகப் போராடிய மானிடவியலார். எந்தப் பண்பாடும் இன்னொன்றின் முதிராத வடிவம் அன்று என்று அவர்கள் நிலைநாட்டியதை நாம் நன்றியோடுதான் ஏற்கிறோம். அவர்களுள் ஒருவரான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் வரைந்த அறிக்கையை அமெரிக்க மானிடவியல் கழகம் 1947இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பியது. மேனாட்டு மதிப்பீடுகளை மட்டுமே கொண்டு உலகம் முழுமைக்கும் உரிமைப் பட்டியல் எழுதலாகாது என்பது அதன் சாரம். பேரரசுகள் இன்னும் முற்றாகக் கலையாத ஆண்டு அது. அவ்வெச்சரிக்கை தேவையானதே.

எனினும் ஒரு கோட்பாட்டின் பிறப்பு நல்லது என்பதால் அதன் பயன் எங்கும் நல்லதாகிவிடாது. அதனை ஒரு மெய்யான வழக்கில் வைத்துப் பார்ப்பதே முறை. நாம் எடுத்துக்கொள்வது பம்பாயில் 1884 முதல் 1888 வரை நடந்த ருக்மாபாய் வழக்கு.

ருக்மாபாய் 1864இல் பிறந்தவர். தச்சர் குலத்தைச் சேர்ந்தவர். பதினோராம் வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். மணமகனுக்கு அப்போது 19 வயது. மணமான பின்னும் அவர் தம் தாயிடமும், மருத்துவரான வளர்ப்புத் தந்தை சகாராம் அர்ஜுனிடமும் வளர்ந்து, வீட்டிலிருந்தபடியே கல்வி கற்றார். வளர்ந்தபின் கணவரிடம் செல்ல மறுத்தார். கணவர் 1884இல் தாம்பத்திய உரிமையை மீட்டுத்தருமாறு உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தார். 1886இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் கணவர் வீடு செல்ல வேண்டும், இன்றேல் ஆறு மாதம் சிறை என்று ஆணையிட்டார். சிறைக்குச் செல்லவே தாம் ஆயத்தம் என்று ருக்மாபாய் அறிவித்தார். 1888இல் 2000 ரூபாய் கொடுத்து வழக்குச் சமரசமாயிற்று. பின்னர் அவர் இலண்டனில் மருத்துவம் பயின்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் பணிபுரிந்து, 1955இல் மறைந்தார்.

இவ்வழக்கு நடந்தபோது நாடெங்கும் எழுந்த கூக்குரல், இந்து தருமம் ஆபத்தில் இருக்கிறது என்பது. கணவரின் பக்கம் நின்றோர் தங்களைப் பண்பாட்டின் காவலர் என்று கருதிக்கொண்டனர். இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அவர்கள் காத்த பொருள் எது? தாம்பத்திய உரிமை மீட்பு வழக்கு என்பது தருமசாத்திரங்களில் உள்ளதன்று. மணந்த பெண் கணவனிடம் வர மறுத்தால் அரசன் ஆளனுப்பிப் பிடித்துச் சிறையிடும் ஏற்பாட்டை அங்கே தேடிக் காண இயலாது. அது இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அங்கும் அது பொது நீதிமன்றத்தில் பிறக்கவில்லை. திருச்சபையின் நீதிமன்றங்களில் பிறந்தது. பேராயர்களின் மன்றங்கள் மண வாழ்வை ஆண்ட காலத்தில் உருவாகி, பின்னர் அரசின் மன்றங்களுக்குக் கைமாறி, அங்கிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. பின்ஹே தம் தீர்ப்பில் இதனையே சுட்டிக்காட்டினார்: இவ்வழக்குமுறை இங்கிலாந்திலிருந்து வந்தது, இந்துச் சட்டத்தில் இதற்கு ஆதாரமில்லை, விருப்பமற்ற ஒரு பெண்ணை இவ்வாறு ஒப்படைப்பது கொடுமை என்பது அவர் கருத்து. இதில் இன்னொன்றும் உண்டு. இவ்வாணையை மீறுவோரைச் சிறையிடும் முறையை இங்கிலாந்து 1884இல் தன் மண்ணில் ஒழித்துவிட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் பம்பாயில் ஓர் இந்துப் பெண்ணுக்கு அதே சிறை விதிக்கப்படுகிறது. நம் பண்பாடு காப்பாற்றப்பட்டது என்று இங்கே பலர் மகிழ்கின்றனர்.

இந்நிகழ்ச்சியை நாம் வேடிக்கைக்காக எடுத்துரைக்கவில்லை. பண்பாட்டுச் சார்பு வாதத்தின் முதல் பிழை இங்கேதான் வெளிப்படுகிறது. பண்பாடு என்பது சுவர் எழுப்பிய தோட்டம், உள்ளே இருப்பதெல்லாம் அம்மண்ணில் முளைத்தவை என்று அது எண்ணிக்கொள்கிறது. மெய்யில் நாம் வழக்கம் என்று சொல்வதில் அயலாரின் சட்டமும், அண்மைக் காலத்தின் ஏற்பாடும், வலியோரின் வசதியும் பின்னிக் கிடக்கின்றன. திருச்சபையாராகிய நமக்கு இதில் ஒரு தனிக் கூச்சமும் உண்டு. ருக்மாபாயைக் கட்டியிழுக்க முயன்ற கயிற்றை முறுக்கியவர்கள் நம் முன்னோரே. அக்கயிறு இன்னும் அறுபடவில்லை. இங்கிலாந்து அவ்வழக்குமுறையை 1970இல் முற்றாக நீக்கிற்று. நம் நாட்டில் அது கிறிஸ்தவருக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும், பின்னர் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இடம்பெற்றது.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. ஒரு பண்பாட்டுக்கு ஒரே குரல்தான் உண்டு என்று அவ்வாதம் கொள்கிறது. ருக்மாபாய் 1885இல் ‘ஓர் இந்துப் பெண்’ என்னும் புனைபெயரில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ இதழுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று குழந்தை மணம் பற்றியது, மற்றொன்று கட்டாயக் கைம்மை பற்றியது. இவர் கிறிஸ்தவராகவில்லை. மேனாட்டாரின் தூண்டுதலால் எழுதினார் என்று எதிரிகள் சொன்னார்கள். ஆனால் அக்கடிதங்களில் பேசுவது தன் வீட்டின் உள்ளறையிலிருந்து வரும் குரல். குழந்தை மணம் பெண்ணின் கல்வியைப் பாதியில் அறுத்துவிடுகிறது, ஆணின் முன்னேற்றத்துக்கு அது அத்தனை இடையூறன்று என்று அவர் காட்டும் இடம், பிற்கால அறிஞர்களின் பல நூல்களைவிடத் தெளிவானது. இவருக்கு முன்னே 1882இல் தாராபாய் ஷிண்டே மராத்தியில் ஆண் பெண் ஒப்பீடு என்னும் நூலை எழுதிவிட்டார். பெஹ்ராம்ஜி மலபாரி 1884இல் குழந்தை மணத்தை எதிர்த்துக் குறிப்புகள் வெளியிட்டபோது, ஜோதிராவ் புலே அதே ஆண்டு தம் ஆதரவுக் கருத்தை எழுத்தில் அளித்தார். பண்டித ராமாபாய் 1887இல் உயர்குல இந்துப் பெண்ணைப் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டார். இவர்கள் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள்? இக்குரல்களை விலக்கிவிட்டுப் புரோகிதரின் குரலையும் கணவரின் குரலையும் மட்டும் ‘பண்பாடு’ என்று பதிந்துகொள்ளும் ஆய்வாளர், நடுநிலை வகிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் சேர்ந்துவிடுகிறார்.

டாக்டர் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையை நம் மாணவர்கள் இவ்விடத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். சாதிக்குள்ளேயே மணம் என்னும் விதியைக் காப்பதற்கான கருவிகளே உடன்கட்டையும், கட்டாயக் கைம்மையும், சிறுமியர் மணமும் என்று அவர் நிறுவினார். தன் விருப்பம் என்று ஒன்று முளைப்பதற்கு முன்பே பெண்ணை மணத்தில் கட்டிவிட்டால் அவள் சாதியின் வேலியைத் தாண்டமாட்டாள். ஆகவே குழந்தை மணம் ஒரு மக்களின் அறியாமையிலிருந்து எழுந்த பழக்கம் என்று மிஷனெரிகள் சொன்னதும் தவறு; அது தன்னளவில் பொருளுடைய தனிப் பண்பாட்டுக் கூறு, அதைத் தொடாதே என்று மானிடவியலார் சொன்னதும் தவறு. அதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

எதிர்த்தரப்பில் நேர்மையான வாதமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. சம்மத வயதுச் சட்டம் 1891இல் நிறைவேறியபோது திலகர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரைக் குழந்தை மணத்தின் ஆதரவாளர் என்று சொல்லிக் கடந்துபோவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பெண்ணுக்கு 16 வயதுக்கு முன்னும், ஆணுக்கு 20 வயதுக்கு முன்னும் மணம் கூடாது என்று 1890இல் அவரே சீர்திருத்தக்காரர்களுக்குத் தாமாக ஏற்கும் விதிகளாக முன்மொழிந்தவர். அயலாட்சிக்கு எம் வீட்டுக்குள் சட்டமிட உரிமையில்லை என்பதே அவர் நிலை. யார் தீர்ப்பிடுவது என்பது ஒரு கேள்வி. செயல் சரியா தவறா என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்குத் திலகர் தந்த விடையில் நியாயம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அச்சட்டத்துக்குக் காரணமாக இருந்த சிறுமிக்கு அந்த நியாயம் என்ன செய்தது? கல்கத்தாவில் பூல்மணி என்னும் ஏறத்தாழ பத்து வயதுச் சிறுமி, முப்பது வயதைக் கடந்த கணவனால் மணவறையில் காயமுற்று இறந்தாள். தாய் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். சட்டத்தில் சம்மத வயது அன்று 10. ஆகவே பாலியல் வன்முறைக் குற்றம் சாரவில்லை. 1890இல் கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவலே கிடைத்தது. சட்டம் அந்த வயதை 12 ஆக உயர்த்தியபோது, தருமம் அழிந்தது என்று கல்கத்தாவில் பெருங்கூட்டங்கள் கூடின. பூல்மணியின் சார்பில் அங்கே யார் பேசினார்?

இவ்வளவும் சொன்னபின், கிறிஸ்தவராகிய நாம் நம்மை இவ்விவாதத்துக்கு வெளியே நிற்பவராகக் காட்டிக்கொள்ள முடியுமா? 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் பாருங்கள். உள்நாட்டுக் கிறிஸ்தவர் மணத்துக்கு ஆணின் வயது 16ஐயும் பெண்ணின் வயது 13ஐயும் தாண்டியிருக்க வேண்டும் என்றுதான் அது முதலில் கூறிற்று. இன்றைய 21, 18 என்னும் வயதுகள் 1978ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வந்தவை. நம் பழைய சபைகளின் திருமணப் பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டுவோர் பதினான்கு வயது மணமகளைக் கண்டு திடுக்கிடத் தேவையில்லை. இங்கிலாந்தோ இன்னும் பின்தங்கியிருந்தது. திருச்சபைச் சட்டத்தின் வழிவந்த விதிப்படி அங்கே பெண்ணின் குறைந்த மணவயது 12. அது 16 ஆக உயர்ந்தது 1929இல். அதாவது நம் நாட்டில் சாரதா சட்டம் நிறைவேறிப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று விதித்த அதே ஆண்டில். மேயோவின் நாட்டில் பதினெட்டுக்கு உட்பட்டோர் மணத்தை விதிவிலக்கின்றித் தடைசெய்த முதல் மாநிலம் டெலவேர், ஆண்டு 2018. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெற்றோர் இசைவுடன் 16 வயதில் மணக்கலாம் என்னும் விதி 2023 பிப்ரவரியில்தான் நீங்கியது. பதினெட்டு என்பது மேனாட்டு அளவுகோல் என்று சொன்ன மாணவர் இவ்வாண்டுகளை அருகருகே எழுதிப் பார்ப்பாராக.

மனித உரிமைப் பிரகடனத்தின் 16ஆம் விதி மணமக்களின் முழுச் சம்மதத்தை வேண்டுகிறது. அதை வரைந்த ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தவர் ஹன்சா மேத்தா. அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவியாக இருந்தவர். அம்மாநாடு 1927இல் பூனாவில் தொடங்கியது. அதற்கு வித்திட்ட மார்கரெட் கசின்ஸ் நம் அடையாற்றில் மாதர் சங்கம் நடத்தியவர். சாரதா சட்டத்துக்காக ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டிய பெண்களின் அனுபவம் அந்த மேசைக்கு வந்திருந்தது. ஆகவே ஹெர்ஸ்கோவிட்ஸ் அஞ்சிய அயல்திணிப்பு, இந்த ஒரு பொருளிலேனும் நிகழவில்லை. அமெரிக்க மானிடவியல் கழகமே 1999இல் மனித உரிமைகளை ஆதரிக்கும் புதிய அறிக்கையை ஏற்றுக்கொண்டது என்பதையும் சார்பு வாதத்தை இன்றும் பழைய வடிவில் ஓதுவோர் கவனிக்க வேண்டும்.

இலக்கியத்தின் பக்கம் வருவோம். இப்பொருளைக் கிறிஸ்தவர் ஒருவர் எவ்வாறு எழுதலாம் என்பதற்குச் சென்னையில் வாழ்ந்து மறைந்த கிருபாபாய் சத்தியநாதனின் இரண்டு ஆங்கில நாவல்களும் நமக்கு உரைகல்லாகும். 1862இல் அகமத்நகரில் பிராமண வகுப்பிலிருந்து கிறிஸ்தவரான பெற்றோருக்குப் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலிவால் படிப்பைவிட்டு, சத்தியநாதன் குடும்பத்தில் மருமகளாகி, 1894இல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தவர். ‘கமலா’ அவர் இறந்த ஆண்டில் நூலாயிற்று. நாசிக் பக்கத்து மலைச்சாரலில் துறவு மனம் கொண்ட தந்தையிடம் வளர்ந்த பெண், சிறுவயதில் மணமாகி மாமியார் வீட்டுக்கு வருகிறாள். கணவன் கணேசன் முதலில் அவளுக்கு எழுத்துக் கற்பிக்க முனைகிறான். வீட்டாரின் ஏளனத்தில் அது நின்றுபோகிறது. அவன் மனமும் வேறிடம் செல்கிறது. கணவனும், பின்னர் குழந்தையும் இறந்தபின், அவளை நேசித்த ராமசந்தர் மறுமணம் கேட்கிறான். அவள் மறுத்துவிட்டு ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் தொண்டு செய்து வாழ்கிறாள்.

கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவர் இக்கதையை முடித்திருக்கக்கூடிய எளிய வழிகள் இரண்டு: கமலாவை ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துச் செல்வது, அல்லது மறுமண மேடைக்கு. கிருபாபாய் இரண்டையும் செய்யவில்லை. கமலாவின் மனம் எந்தச் சமயத்தில் உருவானதோ அந்தச் சமயத்திலேயே அவளை நிறுத்தி, அவளுடைய மறுப்பை அவளுக்கே உரியதாக விட்டுவிடுகிறார். இதைத் தோல்வி என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் பண்பாட்டுக்கு மரியாதை என்பது இதுதான். அந்த மரியாதை ஆசிரியரின் கண்ணைக் கட்டிவிடவும் இல்லை. அடுப்படியிலும் ஆற்றங்கரையிலும் சிறுமனைவியர் தேயும் விதத்தை அவர் ஒளிக்கவில்லை. தீர்ப்பும் அன்பும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

நாவலின் குறையையும் சொல்ல வேண்டும். கமலா அளவுக்கு மீறிப் பொறுமைசாலி; மாமியாரோ அளவுக்கு மீறிக் கொடியவர். அந்த மாமியாரும் ஒரு காலத்தில் அழுதுகொண்டே வந்திறங்கிய சிறுமிதான் என்னும் நினைவு கதையில் வலுப்பெறவில்லை. மேலும், பூல்மணி வழக்கு நடந்து நான்கே ஆண்டுகளில் வெளிவந்த நூலில் சிறுமியின் உடலுக்கு நேரும் கேடு பற்றிய பேச்சே இல்லை. அக்கால ஆங்கில வாசகரின் நாகரிகம் ஆசிரியரின் பேனாவைத் தடுத்திருக்கும். மருத்துவம் பயிலச் சென்றவரிடம் இவ்விடத்தில் நாம் இன்னும் எதிர்பார்த்தோம்.

‘சகுணா’ 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. அதன் தொடக்கத்தில் வரும் ராதாவின் கதை நம் மாணவர்களுக்கு ‘கமலா’வைவிடத் தேவையானது என்பது நம் எண்ணம். குழந்தையாக மணமான ராதாவின் கணவர் கிறிஸ்தவராகிறார். அவளோ விருப்பமின்றியே அவருடன் செல்ல நேர்கிறது. புதிய நம்பிக்கைக்கு மனம் வருவது பின்னர், மெல்ல மெல்ல. மணத்தில் கேட்கப்படாத சம்மதம் மதமாற்றத்திலும் கேட்கப்படவில்லை. குடும்பத் தலைவன் திரும்பினான், வீடு முழுவதும் திரும்பியது என்று மகிழ்ச்சியோடு எழுதப்பட்ட எத்தனையோ அறிக்கைகளின் உள்ளே ராதாக்கள் இருந்திருப்பர். கிருபாபாய் அதனை மறைக்கவில்லை. அவர் தம் தாயையே எழுதினார் என்று கொள்ள இடமுண்டு.

வேதத்திலிருந்து மணவயது ஒன்றை எடுத்துக் காட்ட இயலுமா என்று சிலர் தேடுவதுண்டு. தேடுவது வீண். வேதம் எழுந்த உலகில் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியே மணம் பேசினர். பவுலும் தீமோத்தேயுவும் அவ்வுலகத்தார். ஆதலால் பதினெட்டுக்கு வசனம் காட்டுவோரையும், மரியாளின் இளவயதைச் சொல்லிக் குழந்தை மணத்துக்கு வக்காலத்து வாங்குவோரையும் நாம் ஒருசேர மறுக்கிறோம். நமக்கு வழி காட்டுவது வேறோரிடம். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கொர்பான் என்னும் வழக்கத்தை ஆண்டவர் கண்டிக்கிறார். அது அயலாரின் வழக்கம் அன்று. அவருடைய சொந்த மக்களின் பாரம்பரியம். சமயப் போர்வை அணிந்தது. அதை அவர் எதைக் கொண்டு அளந்தார்? வேறொரு நாட்டின் ஒழுக்கத்தைக் கொண்டு அன்று. அவ்வழக்கத்தின் செலவை யார் செலுத்துகிறார் என்று பார்த்தார். முதிய தாயும் தகப்பனும் பட்டினி கிடக்கின்றனர். நேர்ந்துகொண்டவனுக்குப் புண்ணியம் சேர்கிறது. உள்ளே நின்று, பாரம்பரியத்தின் ஆழத்திலுள்ள கற்பனையைக் கொண்டே பாரம்பரியத்தை நியாயந்தீர்க்கும் முறை இது. ருக்மாபாயும் புலேயும் செய்தது இம்முறையினின்று வெகுதூரம் விலகியதன்று.

அதே சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகளுக்கு வயது பன்னிரண்டு என்று மாற்கு குறிக்கிறார். அக்கால வழக்கில் மணம் பேசும் வயது அது. வீடு முழுதும் அழுகையும் புலம்பலும். அவளைப் பற்றிப் பேசுவோர் பலர், அவளோடு பேசுவோர் இல்லை. ஆண்டவர் கூட்டத்தை வெளியேற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்து, வீட்டு மொழியில் அவளையே அழைக்கிறார். எழுந்தவுடன் உண்ணக் கொடுக்கச் சொல்கிறார். அப்பகுதியைக் குழந்தை மணத்தோடு இணைத்து நாம் பிரசங்கித்துக் கேட்டதில்லை.

இனி அந்த மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். அவர் வாதத்தில் நாம் மறுக்க முடியாத பகுதி ஒன்று எஞ்சுகிறது. பெண்ணைச் சீக்கிரம் கட்டிக்கொடுக்கும் ஏழைப் பெற்றோர் கொடியவர் அல்லர். இருவரும் கூலிக்குப் போய்விட்டால் வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்கு யார் காவல்? வயது ஏற ஏறச் சீதனம் ஏறுகிறது. உயர்நிலைப் பள்ளி தொலைவில், பேருந்து இருட்டியபின். பெருந்தொற்றால் 2020இல் பள்ளிகள் மூடியபோது இக்கணக்கு மேலும் நெருக்கியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானோர் 2005–06இல் நூற்றுக்கு 47 பேர்; 2019–21இல் 23 பேர். இவ்வீழ்ச்சியைத் தண்டனை மட்டும் கொண்டுவரவில்லை. பெண்கள் பள்ளியில் நீடித்ததற்கு அதில் பெரும் பங்குண்டு. தண்டனையை மட்டும் நம்பினால் நேர்வதையும் கண்டோம். 2023 பிப்ரவரியில் அஸ்ஸாமில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவல்துறை கைதுசெய்தது. காப்பாற்றப்பட வேண்டிய இளம் மனைவியர் காவல் நிலைய வாசலில் கைக்குழந்தையுடன் நின்றனர். நம் மாநிலத்திலும், பதினேழு வயதுப் பெண் சாதி தாண்டி ஒருவனை விரும்பியபோது, வயதுச் சட்டம் சாதியின் கைக்கருவியாக மாறும் வழக்குகள் இல்லாமல் இல்லை. அம்பேத்கர் சொன்ன வேலியைச் சட்டமே காக்கும் விந்தை இது.

போதகரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவானது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அத்தகைய மணத்தை நடத்தி வைப்போருக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஓலை வாசிக்க மறுத்தவர் செய்தது சரியே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் மறுத்தது அச்சட்டத்துக்காகவா, அப்பெண்ணுக்காகவா என்பது வேறு கேள்வி. பதிவேட்டை மூடிவிட்டால் சட்டத்துக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிடும்.

வகுப்பில் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருவர் அன்று கேட்டது, அந்தப் பெண்ணிடம் யாரேனும் பேசினார்களா என்பது. மாணவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவர் அதே கிராமத்துக்குச் சென்று விசாரித்து வந்தார். குடும்பத்தார் வேறொரு சபையை நாடியிருக்கின்றனர். அங்கு என்ன ஆயிற்று என்று சரியாகத் தெரியவில்லை. பெண் அந்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. மறுத்த போதகர் அதன்பின் அவ்வீட்டுக்குப் போனாரா என்று கேட்டோம். போகவில்லை என்றார்.